அமெரிக்கத் தளம் இருக்கும் நாட்டில் வேலை: காவலா, குறியா?

கேள்வி, 2025 செப்டம்பர் 11

தோஹாவில் வேலை. அமெரிக்காவின் பெரிய படைத்தளம் இங்கே இருக்கிறது, ஒருத்தனும் தொட மாட்டான் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். ஜூனில் ஈரான் ஏவுகணை விட்டது. நேற்று முன்தினம் இஸ்ரேல் குண்டு போட்டிருக்கிறது. ஒரே வருடத்தில் ரெண்டு பக்கமிருந்தும் அடி. அப்படியானால் இந்தக் கூட்டணி, ஒப்பந்தம் எல்லாம் எதற்கு? கிளம்பிவிடலாமா, இருக்கலாமா?

பதில், செப்டம்பர் 11, இரவு

கூட்டணி என்று ஒரே சொல்லில் நாம் சொல்வதற்குள் மூன்று வகைத் தாள்கள் இருக்கின்றன. முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாக எடுத்துக்கொள்வோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கை. 1949-இல் வந்த நேட்டோ உடன்படிக்கையின் 5-ஆவது பிரிவு இந்த வகை. இதுவரை ஒரே ஒரு தடவைதான் பயன்பட்டிருக்கிறது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு. அதிலும்கூட ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவை என்று படும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் வாசகம். படை அனுப்பியே தீர வேண்டும் என்று இல்லை. 6-ஆவது பிரிவு எல்லை போடுகிறது: கடக ரேகைக்கு வடக்கே உள்ள வட அட்லாண்டிக் பகுதி. 1982-இல் ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது பிரிட்டனால் 5-ஆவது பிரிவைக் கேட்க முடியாமல் போனது இதனால்தான்.

இரண்டு, படைத்தள ஒப்பந்தம். எங்கள் மண்ணில் உங்கள் விமானத்தை நிறுத்திக்கொள்ளுங்கள் என்ற அனுமதி. கத்தாரில் அல் உதெய்த், பஹ்ரைனில் ஐந்தாவது கடற்படைப் பிரிவு, குவைத்தில் அரிஃப்ஜான் எல்லாம் இப்படித்தான்.

மூன்று, நேட்டோவில் சேராத முக்கியக் கூட்டாளி என்று அமெரிக்கா கொடுக்கும் பட்டம். பஹ்ரைனுக்கு 2002, குவைத்துக்கு 2004, கத்தாருக்கு 2022. ஆயுதம் வாங்குவதிலும் பயிற்சியிலும் சலுகை கிடைக்கும். உங்களைக் காப்பாற்றுவோம் என்ற கடமை அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

கத்தார் கையில் இருப்பது இரண்டாவதும் மூன்றாவதும். முதல் வகை இல்லை. அதனால் ஜூன் 23-ஆம் தேதி ஏவுகணை வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தளம் இருந்ததால்தான் அது அங்கே வந்தது.

செப்டம்பர் 12

நேற்று எழுதியதை இன்று திரும்பப் படித்தால், தளம் என்றாலே ஆபத்து என்று சொன்னது போல இருக்கிறது. அது பாதி உண்மை. ஜூனில் வந்த ஏவுகணைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வழியிலேயே தடுத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. தடுத்த கருவிகளில் ஒரு பகுதி அந்தத் தளம் இருப்பதால் வந்ததுதான். ஆக, குறியும் அதுதான், காவலும் அதுதான். ஆனால் செப்டம்பர் 9 அன்று அடித்தது அமெரிக்காவுக்கு வேண்டிய நாடான இஸ்ரேல். அங்கே தளம் தடுப்பாக இருக்கவில்லை. கத்தார் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவர் ஒருவரும் அதில் இறந்தார்.

வேலைக்கு வந்தவருக்கு இதைவிட நேரடியாக உறைக்கும் விஷயம் வான்வெளி. ஜூன் 23 மாலை ஏவுகணை வருவதற்கு முன்பே கத்தார் தன் வான்வெளியை மூடிவிட்டது. பஹ்ரைன், குவைத், அமீரகம் மூன்றும் கொஞ்ச நேரம் மூடின. நள்ளிரவு தாண்டித்தான் திறந்தார்கள். சில மணி நேரம்தான், ஆனாலும் பாதி வழியில் இருந்த விமானங்கள் வெவ்வேறு நாடுகளில் இறங்க வேண்டியதாயிற்று. சண்டை என்றால் முதலில் நிற்பது விமானம். தண்ணீரும் சாப்பாடும் அப்புறம்தான். டிக்கெட் இருக்கிறது, அவசரம் என்றால் ஏறிவிடலாம் என்ற கணக்கை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

தரைவழியையும் தெரிந்து வைத்திருங்கள். கத்தாரிலிருந்து ஒரே ஒரு வழி, அபு சம்ரா, அதைத் தாண்டினால் சவுதியின் சல்வா. பஹ்ரைனிலிருந்து 25 கிலோமீட்டர் நீளக் கடல்பாலம். குவைத்திலிருந்து நுவைசீப் வழியாக கஃப்ஜி. மூன்றுமே சவுதிக்குள்தான் போய் முடியும், சவுதி விசா கையில் இல்லாவிட்டால் அந்த வழி இருந்தும் இல்லாத மாதிரி. வளைகுடாவில் குடியிருப்பு அட்டை வைத்திருப்பவர்கள் சவுதி சுற்றுலா இ-விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். குடியிருப்பு அட்டை குறைந்தது மூன்று மாதமும் பாஸ்போர்ட் ஆறு மாதமும் செல்லுபடியாக வேண்டும். அமீரகத்தில் இருப்பவர்களுக்கு ஹத்தா வழியாக ஓமன் போகும் ரோடு இன்னும் சௌகரியம், ஏனென்றால் மஸ்கட் வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் ஜலசந்திக்கு வெளியே இருக்கிறது.

செப்டம்பர் 14

பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது, கேட்டால் லீவுக்குப் போகும்போதுதான் தருவோம் என்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

அது சட்டப்படி தப்பு. கத்தாரில் 2015-ஆம் ஆண்டின் 21-ஆம் எண் சட்டப்படி, தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தால் 25,000 ரியால் வரை அபராதம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காக முதல் நாளே முதீர் (மேலாளர்) முன்னால் போய்ச் சத்தம் போட வேண்டாம். நடைமுறையில் வேலை செய்யும் வழி இது: புதுப்பிக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும், பதிவு இருக்கும். வாங்கியபின் திருப்பிக் கொடுக்காமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களாகக் கேட்டால் நகல் கொடுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடுத்து தொழிலாளர் துறையில் புகார், இந்தியர்களுக்கு வெளியுறவுத் துறையின் மதத் இணையதளம்.

பாஸ்போர்ட் கிடைக்காமலே போனால் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுக்கும். நம் ஆட்கள் அவுட்பாஸ் என்று சொல்வது அதைத்தான். இந்தியாவுக்கு ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும். இங்கே பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. அவுட்பாஸ் என்பது இந்தியாவுக்குள் நுழைவதற்கான தாள். இந்த நாட்டிலிருந்து வெளியே போக குடியேற்றத் துறையின் கணினியில் உங்கள் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும். கடன் பாக்கி, போலீஸ் கேஸ், ஹுரூப் (வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று முதலாளி கொடுக்கும் புகார்) என்று எது இருந்தாலும் கைரேகை வைத்ததும் நின்றுவிடும். குவைத்தில் சாஹல் ஆப்பிலும், சவுதியில் அப்ஷரிலும், கத்தாரில் மெத்ராஷிலும் இன்றைக்கே நுழைந்து பாருங்கள். பயணத்தடை தெரிந்தால் இப்போதே சரிசெய்யலாம். சண்டை நேரத்தில் எந்தக் கோர்ட் திறந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 15

ஒரு திருத்தம். நேற்று தனியே ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, கத்தாரில் யாருக்கும் வெளியேறும் அனுமதி தேவையில்லை என்று எழுதிவிட்டேன். பெரும்பாலானவர்களுக்கு 2018-இல் நீங்கியது, மிச்சமிருந்தவர்களுக்கு 2020 ஜனவரியில். ஆனால் கம்பெனி தன் ஆட்களில் 5 சதவீதம் வரை, பொறுப்பான பதவியில் இருப்பவர்கள் என்று காரணம் காட்டி, முன்அனுமதி வாங்கச் சொல்லலாம். வீட்டு வேலை செய்பவர்கள் 72 மணி நேரம் முன்பே முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும். கணக்கர், கேஷியர் வேலையில் இருப்பவர்கள் தங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மனிதவளத் துறையில் கேட்டு வையுங்கள்.

குவைத் நண்பர்கள் கவனிக்க: அங்கே இது எதிர்த்திசையில் போயிருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் 18-ஆம் பிரிவு விசாவில் இருக்கும் தனியார் துறை ஆட்கள் நாட்டை விட்டு வெளியே போக முதலாளியின் ஒப்புதலோடு ஆன்லைனில் அனுமதி எடுக்க வேண்டும். அவசரத்தில் கபீல் (விசாவுக்குப் பொறுப்பான முதலாளி) போனை எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, கம்பெனியில் இரண்டாவதாக ஒப்புதல் கொடுக்கக்கூடியவர் யார் என்று பெயர் தெரிந்து வைத்திருங்கள்.

செப்டம்பர் 18

நேற்று ரியாத்தில் சவுதியும் பாகிஸ்தானும் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஒருவர் மேல் தாக்குதல் என்றால் இருவர் மேலும் தாக்குதலாக எடுத்துக்கொள்வார்களாம். காலையிலிருந்து எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும், இந்தியனுக்கு இனி சவுதியில் இடமில்லை என்று ஓடிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். அக்காமா (குடியிருப்பு அனுமதி) விதி மாறவில்லை, விசா விதி மாறவில்லை, சம்பள விதி மாறவில்லை. அரசாங்கங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் உங்கள் வேலை ஒப்பந்தத்தைத் தொடுவதில்லை.

தொடுவது வேறு இடத்தில். இந்த மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாட்களில், வளைகுடா கேம்ப்களில் ஒரே அறையில் மேல்கட்டிலில் ஒரு நாட்டுக்காரரும் கீழ்க்கட்டிலில் இன்னொரு நாட்டுக்காரரும் படுத்திருந்தார்கள். ஒரு அடிதடி என்றால் இங்கே யார் ஆரம்பித்தது என்று பார்ப்பது அப்புறம். இரண்டு பேரையும் கூட்டிப்போவார்கள், இரண்டு பேருக்கும் எக்ஸிட், அதாவது நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். சாப்பாட்டு மேஜையில் போர்ப் பேச்சு வேண்டாம் என்று அறையில் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசி வைப்பது எல்லாருக்கும் நல்லது.

வளைகுடா ஒத்துழைப்பு மன்றம் ஒரு நேட்டோ மாதிரிதானே என்ற கேள்விக்கு: 2000 டிசம்பரில் மனாமாவில் அந்த ஆறு நாடுகளும் கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. அதே மன்றத்தைச் சேர்ந்த சவுதி, அமீரகம், பஹ்ரைன் மூன்றும் 2017 ஜூன் 5 அன்று கத்தாரோடு உறவை முறித்தன. மேலே சொன்ன அபு சம்ரா வழி அன்றைக்கு மூடியது, திறந்தது 2021 ஜனவரியில். எனவே தரைவழி என்று எழுதியதையும் நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செப்டம்பர் 27

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை முழுக்க வந்த கேள்விகளில் பாதி ஒரே விஷயம்: பயந்து ஊருக்குக் கிளம்பினால் சர்வீஸ் பணம் (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) போய்விடுமா?

போவதும் கிடைப்பதும் நீங்கள் கையெழுத்துப் போடும் ஒரு தாளில் இருக்கிறது. பரபரப்பான நேரத்தில் அலுவலகத்தில் ஒரு ஃபாரம் நீட்டுவார்கள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் அரபி. தகராறு என்று போனால் கோர்ட் எடுத்துக்கொள்வது அரபிப் பக்கத்தைத்தான். அதில் இஸ்திகாலா என்று இருந்தால் ராஜினாமா. இஜாஸா என்று இருந்தால் விடுப்பு. அரபி தெரியாவிட்டால் போனில் படம் எடுத்து, தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஐந்து நிமிஷம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகாது.

ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், சவுதியில் ராஜினாமா செய்பவருக்கு இரண்டு வருடம் முடியாவிட்டால் சர்வீஸ் பணம் கிடையாது, இரண்டிலிருந்து ஐந்து வருடம் என்றால் மூன்றில் ஒரு பங்கு, ஐந்திலிருந்து பத்து என்றால் மூன்றில் இரண்டு பங்கு, பத்து தாண்டினால்தான் முழுசு. குவைத்தில் மூன்று வருடத்துக்குமேல் ஐந்துக்குள் பாதி, ஐந்திலிருந்து பத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு. அமீரகத்தில் 2022-இல் அமலான புதுச் சட்டத்தில் ராஜினாமாவுக்கு வெட்டு இல்லை: ஒரு வருடம் முடித்திருந்தால், முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் 30 நாள்.

சவுதியில் இன்னொரு வாசல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தொழிலாளர் சட்டம் 87-ஆவது பிரிவு: தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் வேலையை விட நேர்ந்தவருக்கு முழு சர்வீஸ் பணம். போர் அந்தக் காரணத்துக்குள் வரும் என்று வாதாடலாம். ஆனால் நீங்களே என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வாசலை நீங்களே பூட்டிவிட்டீர்கள். எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், விமான நிலையம் மூடப்பட்டது, தூதரகம் வெளியேறச் சொன்னது என்று தேதியோடு காரணத்தை எழுதுங்கள்.

ஊருக்குப் போனபின் இன்னொரு கெடு ஓட ஆரம்பிக்கும். சாதாரண குடியிருப்பு விசாவில் அமீரகம், கத்தார், குவைத்துக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதம் இருந்தால் விசா போய்விடும். அமீரகத்தில் காரணம் காட்டி மறுநுழைவு அனுமதி கேட்கலாம், ஒவ்வொரு 30 நாளுக்கும் 100 திர்ஹம் அபராதம். சவுதியில் ஆறு மாதக் கணக்கு கிடையாது, எக்ஸிட் ரீஎன்ட்ரியில் (வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி) இருக்கும் தேதிதான் கணக்கு. அது முடிவதற்குள் கம்பெனி அங்கிருந்தே நீட்டிக்க முடியும். முடிந்த பிறகு கெஞ்சுவதைவிட முடியும் முன் ஞாபகப்படுத்துவது நல்லது.

அக்டோபர் 2

செப்டம்பர் 11 அன்று, கத்தார் கையில் முதல் வகைத் தாள் இல்லை என்று எழுதினேன். நேற்று அமெரிக்க அதிபரின் நிர்வாக ஆணை ஒன்று வெளியாகியிருக்கிறது. கத்தார் மீது தாக்குதல் நடந்தால் அதை அமெரிக்காவின் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் அச்சுறுத்தலாகக் கருதுவோம் என்கிறது. நான் எழுதியது தப்பாகிவிட்டதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இல்லை. உடன்படிக்கை என்றால் அமெரிக்கச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற வேண்டும். இது அதிபரின் கையெழுத்து. அடுத்து வருபவர் இன்னொரு கையெழுத்தில் ரத்து செய்யலாம். ஆனாலும் வெறும் பட்டத்தைவிட இது பெரிசு, அதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று வகை என்று பிரித்ததில் இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே இதற்கு ஓர் இடம் போட்டுக்கொள்ளுங்கள். பஹ்ரைன் 2023 செப்டம்பரில் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தமும் அந்த நடு இடத்தில்தான் வரும். தாக்குதல் வந்தால் உடனே கூடிப் பேசுவோம் என்பது அதன் சாரம்.

அக்டோபர் 9

குவைத்தில் 1990-இல் ஈராக் படையெடுத்தபோது நடந்ததைப் பற்றி இளைஞர்கள் நிறையக் கேட்கிறார்கள். ஒரு லட்சத்து 70 ஆயிரம் பேரை ஏர் இந்தியா கூட்டிவந்தது என்ற பெருமைக் கதை எல்லாருக்கும் தெரியும். 488 விமானங்கள், ஏறக்குறைய இரண்டு மாதம். அதில் கவனிக்க வேண்டியது, விமானம் குவைத்திலிருந்து எழும்பவில்லை. ஜோர்டானின் அம்மானிலிருந்து எழும்பியது. மக்கள் ஈராக் வழியாகப் பாலைவனத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் அங்கே சேர வேண்டியிருந்தது. 2025 ஜூனிலும் அதே கதைதான்: ஈரானின் வடமேற்கிலிருந்த இந்திய மாணவர்களைத் தரைவழியாக ஆர்மீனியாவுக்குக் கொண்டுபோய், யெரெவானிலிருந்துதான் முதல் விமானத்தில் ஏற்றினார்கள். மீட்பு விமானம் பக்கத்து நாட்டில் நிற்கும். அங்கே போய்ச் சேரும் வரை உங்கள் கையில் இருக்கும் தண்ணீரும் பணமும்தான் துணை.

பணம் என்றதும் சொல்ல வேண்டியது. படையெடுப்பு நடந்த ஆகஸ்ட் 2 அன்று காலை குவைத் தினார் உலகிலேயே மதிப்பு மிகுந்த பணங்களில் ஒன்று. படையெடுத்த ஈராக் அதைத் தன் தினாருக்குச் சமம் என்று அறிவித்தது, பிறகு செல்லாது என்றது. பீரோவில் கட்டுக்கட்டாக வைத்திருந்தவர்களுக்கு வழியில் அது கைகொடுக்கவில்லை. அதனால் கையிருப்பை இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு மாதச் செலவுக்கு உள்ளூர்ப் பணம், வழிச்செலவுக்குச் சின்ன நோட்டுகளாகக் கொஞ்சம் அமெரிக்க டாலர். மிச்சம் ஊரில் வெளிநாட்டு இந்தியர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கில் இருக்கட்டும். உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் அனுப்பினால் ரசீது இருக்காது. ரசீது ஏன் வேண்டும் என்பது அடுத்த பத்தியில்.

போர் முடிந்ததும் 1991-இல் ஐநா இழப்பீட்டு ஆணையம் ஒன்று அமைந்தது. வெளியேற நேர்ந்த தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000. வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று விட்டுக்கொடுத்தால் 4,000, 8,000. சம்பளம், வீட்டுச் சாமான், வங்கிப் பணம் போனதற்கு ஒரு லட்சம் டாலர் வரை தனிப் பிரிவில் கேட்கலாம். முதல் பிரிவுக்குக் குவைத்தில் இருந்ததையும் கிளம்பியதையும் காட்டினால் போதும். இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும்: சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வாடகை ஒப்பந்தம், சாமான் வாங்கிய பில். மொத்தம் 52.4 பில்லியன் டாலர் கொடுத்து முடித்தது 2022-இல்தான். அடுத்த போருக்கு இப்படி ஆணையம் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வந்தால் தாள் வைத்திருப்பவர் வாங்குவார்.

அக்டோபர் 10

எந்தத் தாள்கள் என்று கேட்டவருக்கு: பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கம், விசா, பத்தாக்கா (குடியிருப்பு அட்டை) இரண்டு பக்கமும், வேலை ஒப்பந்தம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றுக்கு வேண்டிய எண். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி, மனைவிக்கோ அண்ணனுக்கோ ஒரு நகல். அசல்கள் ஜிப் வைத்த ஒரு பிளாஸ்டிக் உறையில். போன் தொலைந்தால் எண்கள் எல்லாம் போய்விடும், அதனால் தூதரகக் கட்டுப்பாட்டு அறை எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் பேனாவால் எழுதி அதே உறைக்குள் போடுங்கள்.

இங்கே பிறந்த குழந்தைக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் இந்த வாரமே போங்கள். பிறந்து ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்பது குடியுரிமைச் சட்டம். தாள் இல்லாத குழந்தையோடு எல்லையில் நிற்பது மாதிரி ஒரு கஷ்டம் வேறில்லை.

அக்டோபர் 21

அறையில் இருக்கும்போது எச்சரிக்கை ஒலி வந்தால்? மொட்டைமாடிக்கு ஓடிப் படம் எடுக்காதீர்கள். நடுவானில் தடுத்த ஏவுகணையின் துண்டுகள்தான் ஊருக்குள் விழுகின்றன. ஜன்னல் இல்லாத இடம், உங்களுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே இன்னொரு சுவர் இருக்கிற மாதிரி நடைவழியோ குளியலறையோ. கான்கிரீட் கட்டடத்தில் கீழ்த்தளங்கள் நல்லது. தகர கேபினில் தங்கியிருப்பவர்களுக்கு அந்தச் சுவர் எதையும் தடுக்காது, அருகில் எந்தக் கான்கிரீட் கட்டடம் இரவிலும் திறந்திருக்கும் என்று கேம்ப் பொறுப்பாளரோடு இப்போதே பேசி வையுங்கள். விழுந்து கிடக்கும் துண்டை எடுக்க வேண்டாம், வெடிக்காத பகுதி அதில் இருக்கலாம்.

தண்ணீர்: ஆளுக்கு நாளுக்கு நாலு லிட்டர், மூன்று நாளுக்கு. வளைகுடாவின் குடிநீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. கடலில் எண்ணெய் கசிந்தாலோ மின்சாரம் நின்றாலோ அந்த ஆலைகள் நிற்கும். கத்தார் பெரிய நீர்த்தேக்கங்களைக் கட்டி வைத்திருப்பது இதற்காகத்தான்.

நவம்பர் 3

காப்பீடு பற்றி இரண்டே வரியில் முடிக்க நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. பயணக் காப்பீடு, தனிநபர் விபத்துக் காப்பீடு இரண்டிலும் விலக்குப் பட்டியல் என்று ஒரு பக்கம் இருக்கும். அறிவித்த போர், அறிவிக்காத போர், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம் என்று வரிசையாகப் போட்டு, இவற்றால் வரும் சாவுக்கும் காயத்துக்கும் பணம் கிடையாது என்று இருக்கும். சாதாரண டெர்ம் ஆயுள் காப்பீட்டில் பொதுவாக முதல் வருடத் தற்கொலை மட்டும்தான் விலக்கு. ஆனால் அதோடு சேர்த்து வாங்கும் விபத்து ரைடரில் போர் விலக்கு திரும்ப வந்து உட்காரும். ஆயுள் காப்பீடு எடுக்கும்போது எந்த நாட்டில் குடியிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அதை மறைக்காதீர்கள், பின்னால் குடும்பம் அலையும்.

இசிஆர் (வேலைக்கு வெளிநாடு போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் வந்தவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். 10 லட்சம் ரூபாய், விபத்துச் சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும். பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275, மூன்று வருடத்துக்கு 375, வரி தனி. ஒப்பந்தம் நீட்டித்தவர்களில் பலர் இதைப் புதுப்பிப்பதே இல்லை. பாலிசி எண்ணும் முடியும் தேதியும் வீட்டில் யாருக்காவது தெரிகிறதா என்று இன்றிரவே கேளுங்கள். விசிட் விசாவில் வந்து வேலையில் சேர்ந்தவர்கள், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களை இந்திய அரசு பதியும் இ-மைக்ரேட் பதிவிலேயே இல்லை, அவர்களுக்கு இந்தக் காப்பீடும் இல்லை. அவர்கள் தூதரகத்தில் தாங்களாகப் பதிந்துகொள்வது இன்னும் அவசியம்.

நவம்பர் 4

மீட்பு விமானம் இலவசம்தானே? 1990-இல் இலவசம், 2022 உக்ரைனில் இலவசம். 2020 கொரோனாவில் வந்தே பாரத் விமானங்களுக்கு டிக்கெட் காசு வாங்கினார்கள். ஆக, நிச்சயமில்லை. கையில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு 2009-இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதி இருக்கிறது, டிக்கெட்டும் தங்குமிடமும் அதிலிருந்து கொடுக்க முடியும். தூதரகத்தில் அந்த நிதியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தியா எந்த ராணுவக் கூட்டணியிலும் இல்லை என்று குறைப்பட்டு ஒருவர் எழுதியிருந்தார். இந்த விஷயத்தில் எனக்கு அது பலமாகத்தான் தெரிகிறது. 2015-இல் ஏமன் மேல் சவுதி குண்டு போட்டுக்கொண்டிருந்தபோதே, ஏர் இந்தியா சனாவில் இறங்கி ஏற சவுதி நேரம் ஒதுக்கிக் கொடுத்தது. 4,600-க்கு மேற்பட்ட இந்தியர்களும் 40-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 960 பேரும் வெளியே வந்தார்கள். 2025 ஜூனில் ஈரான் மூடிய வான்வெளியை இந்தியர்களை ஏற்றிவரும் விமானங்களுக்காகத் திறந்தது, அதே வாரம் இஸ்ரேலிலிருந்து இந்தியர்கள் ஜோர்டான், எகிப்து வழியாக வந்தார்கள். இரண்டு பக்கமும் பேச முடிகிற அரசாங்கத்தின் பாஸ்போர்ட் என்பதற்கு இந்த மாதிரி நேரத்தில் தனி மதிப்பு.

நவம்பர் 17

போரைப் பற்றிக் கருத்து எழுதலாமா? ஊரில் உட்கார்ந்து எழுதுகிற மாதிரி எழுத முடியாது. அமீரகத்தில் 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டம், 52-ஆவது பிரிவு: பொய்ச் செய்தி, வதந்தி பரப்பினால் குறைந்தது ஒரு வருடச் சிறை, ஒரு லட்சம் திர்ஹம் அபராதம். நெருக்கடி காலத்தில் அதுவே இரண்டு வருடம், இரண்டு லட்சம். எழுதியவர் மட்டும் இல்லை, ஃபார்வர்ட் செய்தவரும் பரப்பியவர்தான். ஏவுகணை விழுந்த இடத்தைப் படம் எடுப்பதையும் அனுப்புவதையும் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு நலமாக இருக்கிறேன் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும், வீடியோ வேண்டாம்.

நவம்பர் 18

கடைசியில் முதல் கேள்விக்கே வருகிறேன், இத்தனை நாள் சுற்றிவந்துவிட்டேன். கிளம்புவதா, இருப்பதா?

ஒரு இரவு வான்வெளி மூடியதற்காக வேலையை விட வேண்டாம். நான் பார்க்கச் சொல்வது மூன்று. இந்தியத் தூதரகம் தன் ஊழியர் குடும்பங்களை அனுப்ப ஆரம்பிப்பது. விமான நிறுவனங்கள் அன்றைய நாளுக்கு என்று இல்லாமல் வாரக்கணக்கில் சேவையை நிறுத்தி அறிவிப்பது. அமெரிக்கா தன் படைவீரர்களின் குடும்பங்களுக்குப் போகலாம் என்று அனுமதி கொடுப்பது. கடைசியாகச் சொன்னது 2025 ஜூன் 11 அன்று நடந்தது. பாக்தாத் தூதரகத்தில் ஆட்களைக் குறைத்தார்கள், பஹ்ரைன் உட்பட இந்த வட்டாரத்தில் இருந்த படைக் குடும்பங்கள் விரும்பினால் கிளம்பலாம் என்றார்கள். இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது 13-ஆம் தேதி விடியற்காலை. இடையில் ஒன்றரை நாள் இருந்தது, அன்றைக்கு டிக்கெட்டும் கிடைத்தது.

அந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலே பிள்ளைகளையும் வயதானவர்களையும் முதலில் அனுப்பிவிடுங்கள். இரண்டு தெரிந்தால் நீங்களும் இஜாஸா எழுதிக் கொடுங்கள். தோஹா நண்பரே, சவுதி இ-விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் குடியிருப்பு அட்டையின் தேதியை முதலில் பாருங்கள். மூன்று மாதத்துக்குக் குறைவாக இருந்தால் அதைப் புதுப்பிக்கச் சொல்லி நாளைக்கே மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.